இடுப்பு வலியை மருந்தில்லாமல் தணிப்பது: லேபர் வார்டில் கூட இருக்கும் பெண்ணுக்கு என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

காசிமேடு_களப்பணி

எங்கள் பகுதியில் பிரசவத்துக்கு சென்னை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் நிறைய. கூடவே அம்மாவோ அத்தையோ அக்காவோ ஒருவர் போகிறார். உள்ளே போனதும் அவருக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. தலையைத் தடவுகிறார், முருகா முருகா என்கிறார், அல்லது பயந்துபோய் மூலையில் நிற்கிறார். அவர் கையில் கொடுக்க ஒரு தாள் தயாரிக்கிறோம். உட்கார்ந்து அசையும் பெரிய காற்றுப் பந்து, வெந்நீர்த் தொட்டி, தனி அறை எதுவும் இல்லாமல், பொது வார்டில், ஒரு கட்டிலும் ஒரு ஆளும் மட்டும் இருக்கும் நிலையில் உண்மையிலேயே வேலை செய்யும் முறைகள் வேண்டும். எந்த இடத்தில் அழுத்துவது, எவ்வளவு நேரம், எது தவறாகப் போகும் என்பதுவரை சொல்லுங்கள். "மனதைத் தளர்த்தவும்" மாதிரி வரிகளைத் தாளில் போட மாட்டேன்.

லேபர்வார்டு_செவிலி

முதலில் அந்தக் கூட இருக்கும் ஆளைப் பற்றியே எழுதுங்கள். 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் பிரசவத் துணைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பெண் உறவினர், முடிந்தால் ஏற்கெனவே பிள்ளை பெற்றவர், தொற்று நோய் இல்லாதவர், சுத்தமான உடையில் வரவேண்டும், வலி முழுக்க கூடவே இருக்கவேண்டும், சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது. மறைவு இருக்கிற இடத்தில் கணவரையும் அனுமதிக்கலாம். எந்த வார்டில் யாரை விடுவார்கள் என்று ஒன்பதாம் மாத செக்கப்பிலேயே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலி வந்த பிறகு வாசலில் நின்று பேசி முடிக்கிற விஷயம் இல்லை.

இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. தொடர்ந்து ஒரு ஆள் கூட இருப்பது பற்றி 2017-ல் வந்த காக்ரேன் தொகுப்பில் (பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் அறிக்கை) 26 ஆய்வுகள், 15,000-க்கு மேற்பட்ட பெண்கள். தானாகப் பிரசவமாவது கூடியது, வலி மருந்து கேட்பது குறைந்தது, வலி நேரமும் கொஞ்சம் குறைந்தது. இங்கே நாம் பேசப்போகும் எந்தத் தனி முறைக்கும் இவ்வளவு ஆதாரம் கிடையாது. ஆனால் 'தொடர்ந்து' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அரை மணிக்கு ஒரு ஆள் மாறிக்கொண்டே இருந்தால் அந்தப் பலன் வராது. இரண்டு பேர் வந்திருந்தால் மற்றவர் வெளியே சாப்பாடு, ரத்தம், காகித வேலையைப் பார்க்கட்டும். உள்ளே ஒருவர்தான்.

அடுத்தது முதுகில் அழுத்துவது. வலி வரும்போது பெண் "இடுப்பு உடையுது" என்று கையைப் பின்னால் கொண்டுபோனாலே இதைத் தொடங்கலாம். புட்டப் பிளவுக்கு மேலே, இரண்டு பக்கக் குழிகளுக்கு நடுவில் தட்டையான எலும்பு இருக்கும். அங்கே உள்ளங்கையின் அடிப்பகுதியை, மணிக்கட்டை ஒட்டிய மேட்டை, வைத்து நேராக உள்நோக்கி அழுத்த வேண்டும். தடவக் கூடாது, தேய்க்கக் கூடாது. வலி ஏறத் தொடங்கும்போதே கை வைத்து, இறங்கி முடியும்வரை ஒரே அழுத்தத்தில் பிடிக்க வேண்டும். இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. முதலாவது, மெதுவாக அழுத்துவது. பயத்தில் எல்லோரும் மெதுவாகத்தான் அழுத்துவார்கள், பெண் "இன்னும், இன்னும்" என்பாள், உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்தலாம். இரண்டாவது, பின்னாலிருந்து அழுத்தும்போது பெண் முன்னால் தள்ளப்படுவாள். அதனால் சுவரிலோ கட்டில் கம்பியிலோ கை ஊன்றி நிற்கவேண்டும், படுத்திருந்தால் துணையின் இன்னொரு கை முன்பக்க இடுப்பெலும்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, இடுப்புக்கு மேலே முதுகெலும்பு முடிச்சுகளின் மேல் அழுத்துவது. அது வலியைக் கூட்டும். இடம் சரியா என்று பெண்ணையே கேட்டால் ஒரு அங்குலம் மேலே, கீழே என்று அவளே சொல்லிவிடுவாள்.

பிசியோ_பெரம்பூர்

சிஸ்டர் சொன்னதோடு இடுப்பை இரு பக்கமும் பிழிவதையும் சேர்க்கவும். பெண் முன்னால் சாய்ந்து நிற்கிறாள் அல்லது முட்டி போட்டிருக்கிறாள். துணை பின்னால் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் புட்டத்தின் வெளிப்பக்கச் சதையில் வைக்கவேண்டும். நாடா கட்டும் இடத்து எலும்பு விளிம்பில் அல்ல, அதற்கு ஒரு சாண் கீழே, தொடை மூட்டுக்கு மேலே சதை அதிகமாக இருக்கும் இடம். விரல் நுனிகள் முதுகின் நடுவைப் பார்த்திருக்கட்டும், முழங்கை வெளியே விரியட்டும். வலி ஏறும்போது இரண்டு கையாலும் உள்நோக்கியும் சற்று மேல்நோக்கியும், பெண்ணின் தொப்புளைக் குறிவைத்ததுபோல், சேர்த்து அழுத்த வேண்டும். இறங்கும்போது மெல்ல விடவேண்டும், சட்டென்று கையை எடுத்தால் ஒரு வெட்டு வெட்டும். கை வலுவால் செய்தால் பத்துப் பதினைந்து வலிக்குள் துணையின் மணிக்கட்டு போய்விடும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து உடம்பால் சாயவேண்டும்.

ஏன் இது வலியைக் குறைக்கிறது என்று தாளில் இரண்டு வரி இருந்தால் நல்லது, நம்பிக்கையோடு செய்வார்கள். 1965-ல் மெல்சாக், வால் இருவரும் முன்வைத்த கருத்து இது: தொடுதல், அழுத்தம், வெப்பம் இவற்றைக் கொண்டுபோகும் தடித்த நரம்புகள் சுறுசுறுப்பாக இருந்தால், தண்டுவடத்தில் வலிச் செய்தி மேலே போவது மட்டுப்படுகிறது. முதல் கட்டத்தில், அதாவது கர்ப்பப்பை வாய் திறக்கும்போது, வலிச் செய்தி முதுகின் பத்தாவது நெஞ்சு நரம்பு முதல் முதல் இடுப்பு நரம்பு வரை உள்ள மட்டத்தில் நுழைகிறது. அதனால்தான் அடிவயிறு, இடுப்பு, தொடை எல்லாம் வலிக்கிறது. குழந்தை இறங்கி வரும்போது வலி பிறப்புறுப்புப் பக்கம் மாறுகிறது. அது இடுப்பின் பின்பக்கத் தட்டை எலும்பில் (திருவெலும்பில்) உள்ள இரண்டு முதல் நான்கு வரையான நரம்புகள் வழியாக வருகிறது. வலி இடம் மாறினால் கையும் இடம் மாறவேண்டும்.

காசிமேடு_களப்பணி

நிற்பது, நடப்பது பற்றி? "படுத்துக்கோ, ஓடி ஆடாதே" என்றுதான் வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள். ஒத்தடமும் வேண்டும், கல்லுப்பை வறுத்துக் கட்டுவது எங்கள் பக்கம் வழக்கம்.

லேபர்வார்டு_செவிலி

மல்லாக்கப் படுப்பதைத்தான் முதலில் நிறுத்தவேண்டும். கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும், பெண்ணுக்குத் தலை சுற்றும், பிள்ளைக்குப் போகும் ரத்தம் குறையும், வலியும் கூடும். சாதாரணப் பிரசவத்தில் நின்றும் நடந்தும் உட்கார்ந்தும் இருப்பவர்களுக்கு முதல் கட்டம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்று 2013 காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரையிலும் நடமாட்டம் இருக்கிறது.

பொது வார்டில் செய்யக்கூடியவை: கட்டில் கம்பியில் முழங்கை ஊன்றி இடுப்பை மெதுவாக வட்டமாக அசைப்பது. துணையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாரம் முழுக்கப் போட்டுத் தொங்குவது (இதற்குத் துணை சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கவேண்டும், இல்லையென்றால் இருவரும் விழுவார்கள்). நாற்காலியில் திருப்பி உட்கார்ந்து முதுகுப் பலகையில் தலையணை வைத்துச் சாய்வது. பிளாஸ்டிக் நாற்காலியென்றால் அதன் முதுகு சுவரை ஒட்டியிருக்கட்டும், ஈரத் தரையில் கால் வழுக்கும். களைத்துவிட்டால் இடது பக்கம் ஒருக்களித்து, மேல் முழங்காலுக்கும் கீழ் முழங்காலுக்கும் நடுவே தலையணையோ சுருட்டிய போர்வையோ. எந்த நிலையாக இருந்தாலும் அரை மணி அல்லது முக்கால் மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வலி முழுக்க முதுகிலேயே இருந்து, இடைவெளியிலும் முதுகு விடாமல் வலித்தால், பிள்ளையின் தலைப் பின்பக்கம் அம்மாவின் முதுகைப் பார்த்து இருக்கலாம். அப்போது கையும் முட்டியும் ஊன்றி நாலு காலில் நிற்கிற நிலை நன்றாக இருக்கும், வயிறு தொங்குவதால் முதுகிலிருந்து பாரம் இறங்குகிறது. கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி அதைக் கட்டிக்கொண்டு முட்டி போட்டாலும் போதும்.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது. இரண்டு மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை தலை இறங்குவதை மறிக்கும், ஒவ்வொரு வலியையும் கூட்டும். பெண்ணுக்கு அந்த உணர்வே தெரியாமல் போகும், அதனால் கேட்காமல் கூட்டிப்போகவேண்டும். தனியாக அனுப்பக் கூடாது, உள்ளே தாழ்ப்பாள் போடக் கூடாது. "ரெண்டுக்குப் போகணும்" என்று சொன்னால் கழிப்பறைக்கு அனுப்பாமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள், பிள்ளையின் தலை ஆசனவாயை அழுத்தும் உணர்வும் அப்படியேதான் இருக்கும்.

ஒத்தடத்துக்கு: வார்டில் கெட்டில் செருக விட மாட்டார்கள். ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கில் கொதித்த தண்ணீர், இரண்டு பருத்தித் துண்டு, ஒரு சின்ன பேசின். ஃபிளாஸ்க்கில் சில மணி நேரம் இருந்த தண்ணீர் 80 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பங்கு சுடுதண்ணீருக்கு மூன்று பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் 42, 43 டிகிரி வரும். சித்திரை வைகாசியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே 35-ஐத் தொடும், அப்போது ஐந்து பங்கு. முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் சுடுதண்ணீர். துணை தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் அரை நிமிடம் வைத்துப் பார்க்கவேண்டும். விரலால் பார்க்கக் கூடாது, அடுப்படியில் பழகிய விரலுக்குச் சூடு தெரியாது. துண்டை நனைத்துப் பிழிந்து இடுப்பின் பின்பக்கமும் அடிவயிற்றின் கீழேயும் வைக்கலாம். சில நிமிடத்தில் ஆறிவிடும், மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். பதினைந்து இருபது நிமிடம் வைத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. ரப்பர் சுடுதண்ணீர்ப் பை இருந்தால் முக்கால் அளவுக்குக் கீழேயே நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றி வையுங்கள். முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் எந்த ஒத்தடமும் கூடாது. சுட்டாலும் தெரியாது.

சித்த_வியாசர்பாடி

கல்லுப்பு பற்றி என் கருத்தைச் சொல்கிறேன், தாளில் சேர்க்க வேண்டாம். வறுத்த உப்பு வெளியே துணி தாங்கும் சூட்டிலும் உள்ளே மிக அதிகச் சூட்டிலும் இருக்கும். கட்டிய முடிச்சு நகர நகரச் சூடு மாறிக்கொண்டே வரும். வீட்டில் முழங்காலுக்கு வைக்கும்போது வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பார்த்துக்கொள்கிறோம். வலியில் இருக்கும் பெண் ஒரு நிமிடம் முழுக்க அதன் மேல் சாய்ந்தால் கொப்புளம் வரும். ஈரத் துண்டே பத்திரம்.

வீட்டிலேயே இருக்கிற ஆரம்ப மணி நேரங்களுக்குச் சீரகத் தண்ணீர் நல்லது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் சீரகம், கொதிக்கவைத்து, இளஞ்சூட்டில். சூட்டு வலியா (பொய் வலியா), நிஜ வலியா என்று பார்க்கப் பெரியவர்கள் இதைக் கொடுப்பார்கள். குடித்து, வெந்நீரில் குளித்து, ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தும் வலி நெருங்கி வந்துகொண்டே இருந்தால் கிளம்பவேண்டும். இது வலியை வர வைக்கவும் செய்யாது, நிறுத்தவும் செய்யாது. சூடான பானம், ஓய்வு, நேரம், அவ்வளவுதான்.

விளக்கெண்ணெய் கொடுக்கவே கூடாது. பேதியாகி உடம்பில் நீர் வற்றும், ஒழுங்கில்லாத இழுவைகள் வந்து வலிதான் கூடும். அதேபோல் எண்ணெய் தொட்டு உள்ளே கைவிட்டு "வழி பண்ணுவது". தொற்றுக்கு வழி அதுதான். இந்த இரண்டையும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மகப்பேறு_தண்டையார்பேட்டை

சித்த மருத்துவர் சொன்ன இரண்டையும் முழுமையாக ஆமோதிக்கிறேன். தாளின் முதல் பக்கத்தில் இன்னொன்று வேண்டும்: எந்த வலியைத் தணிக்க முயலக் கூடாது.

பிரசவ வலி வந்து போகும். நடுவில் வயிறு தளர வேண்டும். வயிறு கல்லாகவே இருந்து, வலி இடைவெளி இல்லாமல் நீடித்தால் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து முன்கூட்டியே பிரிந்திருக்கலாம். ரத்தம் வெளியே தெரியாமலும் இருக்கலாம். முன்பு சிசேரியன் ஆனவர் தையல் இடத்தில் விடாமல் வலி என்றால் உடனே சொல்லவேண்டும். கட்டியாகவோ ஓடும் அளவுக்கோ ரத்தம், பனிக்குடத் தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருப்பது, தலைவலியோடு கண் மங்குவது, காய்ச்சல், பிள்ளையின் அசைவு குறைவது இவை எதுவாக இருந்தாலும் மசாஜும் மூச்சும் அப்புறம். வீட்டில் இருந்தால் 108, வார்டில் இருந்தால் அந்த நிமிடமே சிஸ்டர்.

பனிக்குடம் உடைந்தவுடன் நேரத்தையும் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தலை இறங்கிப் பொருந்திவிட்டது என்று மருத்துவரோ செவிலியோ சொல்லாதவரை நடக்க வேண்டாம், தொப்புள்கொடி முன்னால் நழுவும் ஆபத்து உண்டு. ஏதாவது கயிறு மாதிரி வெளியே தெரிந்தால் பெண் முட்டி போட்டு, நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை உயர்த்தி இருக்கவேண்டும். அப்படியே ஆளைக் கூப்பிடுங்கள். கொடியைத் தொடக் கூடாது.

டிரிப்ஸில் மருந்து ஏற்றி வலி வர வைக்கும்போது கணக்கு வேறு. வலி வேகமாக உச்சத்துக்கு ஏறும், இடைவெளி குறையும், பிள்ளையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்க்க வயிற்றில் பெல்ட் கட்டியிருப்பார்கள். நடக்க முடியாது என்று மல்லாக்கப் படுக்க வேண்டியதில்லை. பெல்ட்டோடு ஒருக்களிக்கலாம், கட்டில் ஓரத்தில் உட்காரலாம், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கலாம். பத்து நிமிடத்துக்குள் ஐந்துக்கு மேல் வலி வந்தால் துணை அதை எண்ணிச் சொல்லவேண்டும், சொட்டு வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். வலியை எண்ணத் தெரிந்த துணை எங்களுக்கு மிகப் பெரிய உதவி.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. மசாஜுக்கு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ உள்ளங்கையில் சில சொட்டு போதும். வயிற்றில் தடவினால் பெல்ட் வழுக்கும், கீழ் முதுகில் தடவினால் பிறகு மயக்க ஊசி தேவைப்படும்போது துடைத்துச் சுத்தம் செய்ய நேரமாகும், பிளாஸ்டர் ஒட்டாது. தோள், கை, தொடை, பாதம் இவற்றுக்கு எண்ணெய். இடுப்புக்கு வெறும் அழுத்தம்.

பிரசவவகுப்பு_கொளத்தூர்

மூச்சுக்கு ஒரே ஒரு முறை மட்டும் சொல்லிக்கொடுங்கள். நான்கு விதமான மூச்சைத் தாளில் போட்டால் ஒன்றும் நினைவில் நிற்காது.

மூக்கால் நான்கு எண்ணும்வரை உள்ளே, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை வெளியே. ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி. நல்ல வலி ஒன்று ஏறக்குறைய ஒரு நிமிடம். ஆகவே ஒரு வலிக்கு ஆறு மூச்சு. துணை பெண்ணின் காதருகில் "ஒண்ணு… ரெண்டு…" என்று மூச்சை எண்ணட்டும். பெரும்பாலும் மூன்றாவது மூச்சில் உச்சம். "மூணு முடிஞ்சுது, இனி இறக்கம்தான்" என்று சொல்வது வெறும் ஆறுதல் இல்லை, பெண்ணுக்கு எல்லை தெரிகிறது. வெளியே விடும்போது தோளும் தாடையும் இறங்கவேண்டும். துணை தன் கையைத் தோளில் வைத்து, மூச்சு வெளியே போகும்போது லேசாகக் கீழே தடவினால் உடம்பு புரிந்துகொள்ளும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், "நல்லா மூச்சு விடு, நல்லா மூச்சு விடு" என்று எல்லோரும் சுற்றி நின்று கத்தும்போது. பெண் வேகவேகமாக இழுப்பாள். ரத்தத்தில் கரியமில வாயு குறையும். உதடும் விரலும் மரத்து ஊசி குத்தும், தலை சுற்றும், விரல்கள் இறுகி மடங்கும். அதைப் பார்த்ததும் இரண்டு கையையும் கிண்ணம் மாதிரி குவித்து மூக்கையும் வாயையும் மூடி, அதற்குள் சில மூச்சு மெதுவாக விடச் சொல்லுங்கள். கூடவே துணை தானே மெதுவாக, சத்தமாக மூச்சு விடவேண்டும். பெண் கேட்டுப் பின்பற்றுவாள், அறிவுரையைப் பின்பற்ற மாட்டாள்.

சத்தம் போடுவதைத் தடுக்க வேண்டாம். கீச்சென்று மேல் ஸ்தாயியில் கத்தினால் தொண்டையும் தோளும் இறுகும். "ஊ…" என்றோ "ம்ம்…" என்றோ அடித்தொண்டையில் இழுத்தால் தாடை தளரும், மூச்சும் தானாக நீளும். "கத்தாதே" என்பதற்குப் பதில் துணை தானும் அந்தக் கீழ்ச் சத்தத்தைப் போடட்டும்.

குறைந்தது எட்டாம் மாதத்திலிருந்தே தினம் பத்து நிமிடம் பழகவேண்டும், துணையோடு சேர்ந்து. வலியில் முதல்முறையாகக் கற்றுக்கொள்ள முடியாது.

பழையவண்ணை_வாசகி

பந்து பற்றி யாரும் எழுதவில்லையே? ஆன்லைனில் வாங்கலாமா? டென்ஸ் கருவியும் கேள்விப்பட்டேன்.

பிசியோ_பெரம்பூர்

பந்து வீட்டில் இருக்கும் மணி நேரங்களுக்கு நல்லது. அளவுதான் முக்கியம்: உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில், இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கவேண்டும். ஐந்தடி, ஐந்தடி இரண்டங்குலப் பெண்களுக்கு 55 செ.மீ., அதற்கு மேல் 65 செ.மீ. வெடிக்காத வகை என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். மொசைக், டைல்ஸ் தரையில் ஓடும். ரப்பர் பாய் விரித்து, துணை பின்னால் முழங்காலால் அணைத்து உட்காரவேண்டும். குதிக்க வேண்டாம். எட்டு போடுவதுபோல் இடுப்பைச் சுழற்றினால் போதும்.

டென்ஸ் என்றால் தோலில் ஒட்டி மெல்லிய மின் துடிப்பு தரும் கருவி. இரண்டு ஜோடி ஒட்டுகள். மேல் ஜோடி பிராப் பட்டை மட்டத்தில் முதுகெலும்பின் இரு பக்கமும், கீழ் ஜோடி இடுப்புக் குழிகளின் மட்டத்தில். அடிப்படை ஓட்டம் 80 முதல் 100 ஹெர்ட்ஸ், வலி வரும்போது தீவிரத்தைக் கூட்டி, போனதும் இறக்கவேண்டும். வலி தொடங்கிய ஆரம்பத்திலேயே ஒட்டவேண்டும், முற்றிய பிறகு ஒட்டினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வயிற்றின் மேல் ஒட்டக் கூடாது, குளிக்கும்போது கூடாது, இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவருக்குக் கூடாது, 37 வாரம் முடியுமுன் வேண்டாம். ஆய்வுகளில் வலி குறைந்ததற்கான ஆதாரம் பலவீனமாகத்தான் இருக்கிறது. இதை விற்கும் விளம்பரங்கள் சொல்கிற அளவுக்கு இல்லை. அந்தப் பணத்தை ஃபிளாஸ்க்கிலும் ஒரு நல்ல தலையணையிலும் போடலாம் என்பது என் எண்ணம்.

மகப்பேறு_தண்டையார்பேட்டை

முதுகு வலி மட்டும் தாங்கமுடியாமல் இருப்பவர்களுக்கு இன்னொரு முறை உண்டு, மருத்துவமனை ஆட்கள் மட்டுமே செய்யக்கூடியது. இடுப்புக் குழி இரண்டிலும், அவற்றுக்கு ஏறக்குறைய 3 செ.மீ. கீழே 1 செ.மீ. உள்பக்கமாக இரண்டு இடத்திலும் தோலுக்குள் 0.1 மி.லி. சுத்திகரித்த தண்ணீரை ஏற்றுவது. உப்பு நீர் அல்ல, வெறும் தண்ணீர். அதனால்தான் அரை நிமிடம் குளவி கொட்டியது போலச் சுரீரென்று எரியும். அந்த எரிச்சலே முதுகு வலியை அடக்குகிறது. பலருக்கு இரண்டு மணி நேரம் வரை தாங்கும், திரும்பவும் போடலாம். வலி வரும் நேரத்தில் இரண்டு செவிலியர் ஒரே சமயம் இரு பக்கமும் போட்டால் எரிச்சல் குறைவாகத் தெரியும். அடிவயிற்று வலிக்கு இதனால் பயன் இல்லை. எல்லா இடத்திலும் செய்வதில்லை, கேட்டுப் பார்க்கலாம்.

காசிமேடு_களப்பணி

சாப்பிடக் கொடுக்கலாமா? வெயில் நேரத்தில் வார்டு கொதிக்கும்.

லேபர்வார்டு_செவிலி

சிக்கல் இல்லாத பிரசவத்தில் குடிக்கவும் லேசாகச் சாப்பிடவும் தடையில்லை, உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரையும் அதைத்தான் சொல்கிறது. சிசேரியனுக்கு வாய்ப்பு என்று சொல்லியிருந்தால் மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வலி இடைவெளியில் இரண்டு மூன்று மடக்கு: இளநீர், உப்பு போட்ட நீர்மோர், கஞ்சித் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். ஒரேயடியாக ஒரு டம்ளர் கொடுத்தால் வாந்தி. இட்லி, பிஸ்கட் ஆரம்பத்தில் மட்டும். பனைவிசிறி ஒன்று எடுத்து வாருங்கள், கரண்ட் போனாலும் கை வீசும். நெற்றி, கழுத்து, மணிக்கட்டுக்குக் குளிர்ந்த ஈரத்துணி. இடுப்புக்குச் சூடு, முகத்துக்குக் குளிர்ச்சி, இரண்டும் ஒரே நேரத்தில் நன்றாகவே ஒத்துப்போகும். சில பெண்களுக்கு ஒரு கட்டத்துக்கு மேல் யாரும் தொடுவதே பிடிக்காது. அப்போது கையை எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கவேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது.

பிரசவவகுப்பு_கொளத்தூர்

அப்படித் தொடவிடாமல் தள்ளுவது, "என்னால முடியாது, வெட்டி எடுத்துடுங்க" என்று கதறுவது, உடம்பு நடுங்குவது, குமட்டுவது எல்லாம் பெரும்பாலும் கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறக்கப்போகும் நேரத்தில் வரும். துணை இதை முன்கூட்டியே தெரிந்திருந்தால் அங்கே பயப்பட மாட்டார். அந்த நேரத்தில் புதிதாக எதையும் முயலவேண்டாம். கண்ணைப் பார்த்து, ஒரு வலிக்கு ஆறு மூச்சு, அவ்வளவுதான்.

மகப்பேறு_தண்டையார்பேட்டை

அதேசமயம் பெண் வலி மருந்து கேட்டால் "பொறுத்துக்கோ, நாங்க பெத்துக்கலையா" என்று துணை பதில் சொல்லக் கூடாது. கேட்பது அவள், முடிவு அவளும் மருத்துவரும் சேர்ந்து எடுப்பது. இங்கே எழுதிய எதுவும் வலியை இல்லாமல் ஆக்காது, தாங்கும் அளவுக்குள் வைக்கும். ஊசியோ முதுகில் போடும் மருந்தோ கேட்பது தோல்வி இல்லை. இதை அத்தைமார் படிக்கும்படி பெரிய எழுத்தில் போடுங்கள், தயவுசெய்து.

காசிமேடு_களப்பணி

கண்டிப்பாகப் போடுகிறேன் டாக்டர். முக்கும் நேரம்?

லேபர்வார்டு_செவிலி

கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறக்கும் முன்னாலேயே முக்கும் உணர்வு வந்தால் முட்டி போட்டு முன்னால் குனிந்து, மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி "ஃபூ, ஃபூ" என்று ஊதவேண்டும். சிஸ்டர் பார்த்துச் சொன்ன பிறகு முக்கலாம். உணர்வு வரும்போது மட்டும் முக்கினால் போதும். "தம் பிடி, விடாதே" என்று நீளமாக அடக்க வைப்பதால் களைப்புதான் மிஞ்சும். வயிற்றின் மேல் யாரும் அழுத்தக் கூடாது, துணையும் சேர்த்துத்தான். தலை தெரியும்போது இளஞ்சூட்டுத் துணியைப் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வைத்தால் எரிச்சல் குறையும், பெரிய கிழிசலும் குறைகிறது. இதைச் சுத்தமான துணியில் செவிலியர்தான் செய்யவேண்டும். தலை வெளிவரும் அந்தக் கணத்தில் முக்குவதை நிறுத்தி மறுபடி "ஃபூ, ஃபூ". மெதுவாக விரிந்தால் தையல் குறையும்.

தையல் போடும்போது மரத்துப்போகும் ஊசி போடச் சொல்லிக் கேட்கலாம், அதில் தயக்கம் வேண்டாம். குழந்தையை அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாகப் போட்டிருந்தால் அந்த நேரம் சற்று எளிதாகக் கழியும்.

பழையவண்ணை_வாசகி

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு பால் கொடுக்கும்போதெல்லாம் வயிறு பிடித்து இழுக்கிறது என்கிறார்களே, அதற்கும் இந்த ஒத்தடம் ஆகுமா?

லேபர்வார்டு_செவிலி

ஆகும். கர்ப்பப்பை சுருங்குகிற வலி அது, பால் குடிக்கும்போது கூடும், இரண்டாவது மூன்றாவது பிரசவத்தில் இன்னும் அதிகம். பால் கொடுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, அடிவயிற்றில் அதே துண்டு ஒத்தடம், பால் கொடுக்கும்போது அதே ஆறு மூச்சு. தையல் இடத்துக்குச் சூடு வேண்டாம், முதல் நாள் ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டியாக ரத்தம் விழுந்தாலோ, வயிறு தொட்டால் தொளதொளவென்று இருந்தாலோ ஒத்தடத்தை வைத்துவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள், வீட்டுக்கு வந்துவிட்டிருந்தால் 108.